மூடிய மூலையின் துரு

பழைய வேன்களோடு பழகியவர்கள் ஒரு விநோதத்தைப் பார்த்திருப்பார்கள். மேற்கூரையில் பெயின்ட் எப்போதோ உதிர்ந்திருக்கும். வெயிலும் மழையும் நேராக அதன்மேல்தான் இறங்குகின்றன. தகடு முழுக்கப் பழுப்பேறிக் கிடந்தாலும் விரலை மடக்கித் தட்டினால் கணீரென்று ஓசை வரும். உள்ளே இரும்பு திடமாகத்தான் இருக்கிறது. அதே வண்டியில் கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பட்டையைப் பாருங்கள். பெயின்ட் பளபளக்கும், எங்காவது ஒரு சின்னக் கொப்புளம் இருக்கும், அவ்வளவுதான். அங்கே ஸ்குரூ டிரைவரை வைத்து அழுத்தினால் தகடு அப்பளமாக நொறுங்கி முனை உள்ளே போய்விடும்.

இரும்பு துருப்பிடிக்கக் காற்றும் நீரும் வேண்டும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். காற்று தாராளமாகக் கிடைக்கும் கூரை பிழைத்துக்கொள்கிறது. மழை நேராக விழாத, காற்றுகூடச் சரியாக நுழையாத பெட்டிக்குள் இருக்கும் இரும்பு கரைந்துபோகிறது. இது எப்படி?

பதிலுக்கு முன், இந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். ஹைதராபாத்தில் பழைய வாகனங்கள் என்றால் பேச்சு உடனே சௌமஹல்லா அரண்மனையில் இருக்கும் நிஜாமின் 1912ஆம் ஆண்டு மஞ்சள் ரோல்ஸ் ராய்ஸுக்குப் போய்விடும். அழகான வண்டிதான், மறுக்கவில்லை. ஆனால் இந்த நாட்டில் கல்யாணக் கூட்டத்தையும் பள்ளிப் பிள்ளைகளையும் நோயாளிகளையும் சுமந்து திரிந்தவை வேன்கள். ஜெர்மானிய மாதிரியை ஒட்டி பஜாஜ் டெம்போ 1969 முதல் தயாரித்த மெட்டடோர், சென்னையில் உருவான ஸ்டாண்டர்ட் 20 இவற்றையெல்லாம் காப்பாற்றி வைக்க ஆள் குறைவு. அரண்மனைக் கார் கொட்டகைக்குள் துணி போர்த்தி வாழ்ந்தது. வேனோ உழைத்துக் களைத்துத் தெருவோரத்தில் நின்றது. அதைத் திரும்ப ஓட வைக்க விரும்புகிறவர் எஞ்சினைப் பற்றித்தான் முதலில் கவலைப்படுவார். எஞ்சினுக்குப் பாகம் கிடைக்கும், கிடைக்காவிட்டால் கடைசல் பட்டறையில் செய்துகொள்ளலாம். ஒரு வேனின் ஆயுளை முடித்துவைப்பது பெரும்பாலும் அதன் தகடுதான். ஆகவே துருவைப் புரிந்துகொள்வதுதான் பழைய வேனைப் புதுப்பிப்பதில் முதல் பாடம்.

துரு எப்படி உண்டாகிறது என்பதில் நூறாண்டுக்கு முன்புவரை அறிஞர்களிடையே ஒத்த கருத்து இல்லை. காற்றிலுள்ள கரியமில வாயு நீரில் கரைந்து மெல்லிய அமிலமாகி இரும்பை அரிக்கிறது என்று ஒரு சாரார் நம்பினார்கள். 1903இல் அமெரிக்க வேதியியலாளர் வில்லிஸ் விட்னி ஓர் எளிய சோதனையைச் செய்தார். நீரைக் கொதிக்கவைத்து அதில் கரைந்திருந்த வாயுக்களை விரட்டினார். இரும்புத் துண்டைப் போட்டுப் புட்டியைக் காற்றுப் புகாமல் அடைத்தார். வாரக்கணக்கில் நீர் தெளிவாக இருந்தது, இரும்பும் பளபளப்பாக இருந்தது. பிறகு கரியமில வாயு நீக்கிய காற்றை உள்ளே விட்டார். சில நிமிடங்களிலேயே நீர் மஞ்சளாகக் கலங்கத் தொடங்கியது.

அந்தச் சில நிமிடங்கள்தான் முக்கியம். அத்தனை விரைவில் நீர் முழுக்கக் கலங்க வேண்டுமானால், தெளிவாகத் தெரிந்த நீரில் ஏற்கெனவே சிறிதளவு இரும்பு கரைந்திருக்க வேண்டும். காற்று வந்ததும் அது கண்ணுக்குத் தெரியும் துருவாகப் படிந்தது. ஆக இரும்பு கரைவது ஒரு செயல், கரைந்த இரும்பு துருவாவது இன்னொரு செயல். இரண்டும் வெவ்வேறு நேரத்தில் நடக்கலாம். வெவ்வேறு இடத்திலும் நடக்கலாம்.

இடம் வேறு என்பதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி சில ஆண்டுகளில் கிடைத்தது. அமெரிக்காவில் குஷ்மன், வாக்கர் என்ற இருவர் நீரில் இரண்டு பொருள்களைக் கலந்தார்கள். பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு, இரும்பு கரைந்து வந்தால் அடர்நீலமாகும். ஃபீனால்ப்தலீன், காரத்தன்மை கூடினால் இளஞ்சிவப்பாகும். இந்தக் கலவையைக் கூழில் சேர்த்து ஆணியை அதில் பதித்தால் ஆணியின் நுனியும் கொண்டையும் நீலமாகின்றன. நடுத்தண்டு இளஞ்சிவப்பாகிறது. ஒரே ஆணி, இரண்டு நிறம்.

இங்கே நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். இரும்பு அணு நீரில் கரையும்போது இரண்டு எலக்ட்ரான்களை உலோகத்திலேயே விட்டுவிட்டு மின்னேற்றம் பெற்ற அயனியாக வெளியேறுகிறது. விட்டுப்போன எலக்ட்ரான்களை யாராவது வாங்கிக்கொள்ளாவிட்டால் அவை தேங்கும், கரைதலும் நின்றுபோகும். வாங்கிக்கொள்வது நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன். அது எலக்ட்ரான்களை வாங்கி நீரோடு சேர்ந்து காரத்தன்மையுள்ள அயனியாகிறது. இளஞ்சிவப்பு அதைத்தான் காட்டுகிறது. இரும்பு கரையும் இடத்தைக் கரைமுனை என்றும், ஆக்சிஜன் எலக்ட்ரான் வாங்கும் இடத்தை வாங்குமுனை என்றும் இந்தக் கட்டுரைக்காக வைத்துக்கொள்வோம். பாடநூல்களில் இவை நேர்மின்வாய், எதிர்மின்வாய். உலோகம் வழியாக எலக்ட்ரான்கள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடுகின்றன. நீரின் வழியாக அயனிகள் நகர்ந்து சுற்றை முடித்துவைக்கின்றன. டார்ச் பேட்டரிக்குள் நடப்பதும் இதே வகை வேலைதான்.

ஆக்சிஜன் வாங்குகிறது, இரும்பு கொடுக்கிறது. சரி, எந்த இடம் கொடுக்கும், எந்த இடம் வாங்கும்? இதற்குப் பதில் சொன்னவர் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த யூலிக் இவான்ஸ். துரு ஆராய்ச்சிக்கே வாழ்நாளைக் கொடுத்தவர். 1920களில் அவர் செய்த சோதனைக்கு ஒரு துளி நீர் போதும். துப்புரவாகத் தேய்த்த இரும்புத் தகட்டின்மேல் மேற்சொன்ன இரண்டு நிறங்காட்டிகளும் கொஞ்சம் உப்பும் கலந்த நீரை ஒரு துளி விட வேண்டும். முதலில் துளி முழுவதும் நீலப் புள்ளிகளும் இளஞ்சிவப்புப் புள்ளிகளும் கலந்து தோன்றும். நேரம் போகப்போக ஓர் ஒழுங்கு உருவாகும். நடுப்பகுதி முழுக்க நீலமாகும், விளிம்பு முழுக்க இளஞ்சிவப்பாகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வளையமாகப் பழுப்புத் துரு படியும்.

துளியின் விளிம்பு மெலிந்தது. காற்றிலிருந்து ஆக்சிஜன் எளிதாக உள்ளே இறங்குகிறது. நடுப்பகுதி தடித்தது. அங்கிருந்த ஆக்சிஜன் செலவான பிறகு புதிது வந்துசேரத் தாமதமாகிறது. ஆகவே விளிம்பு வாங்குமுனையாகிறது, நடுப்பகுதி கரைமுனையாகிறது. வாங்குமுனையில் பெருகும் காரத்தன்மை, அங்குள்ள இரும்பின்மேல் மெல்லிய காப்புப் படலம் நிலைக்கவும் உதவுகிறது. காற்று கிடைத்த இடம் தப்பிக்கிறது, கிடைக்காத இடம் கரைகிறது. காற்றோட்ட வேறுபாட்டு அரிமானம் என்று இதைச் சொல்லலாம்.

கோடையில் நகரத்துக்குத் தண்ணீர் லாரிகள் ஓடுவதை நினைத்துக்கொண்டால் இது விளங்கும். தேவை நகரத்தில் இருக்கிறது, வற்றுவது கிராமத்துக் கிணறு. நகரத்தில் தாகம் கூடக்கூடக் கிணறு இன்னும் விரைவாக இறங்குகிறது. நகரத்தில் தொட்டிகள் நிரம்பியிருப்பதைப் பார்த்துவிட்டுத் தண்ணீர்ப் பஞ்சமே இல்லை என்று சொல்பவர் கிணற்றடிக்குப் போய்ப் பார்க்கவில்லை என்று பொருள். காற்றுபடும் தகடு நகரம், மூடிய மடிப்பு கிராமம். ஆக்சிஜனின் தேவை வெளியே இருக்கிறது, அதற்கு எலக்ட்ரான் கொடுத்துக் கரைவது உள்ளே இருக்கும் இரும்பு. காலி லாரி திரும்பி வந்தால்தான் அடுத்த நடை உண்டு. துருவில் அந்தத் திரும்பு வழியாக இருப்பது நீர்ப்படலம். அதில் உப்பு கலந்திருந்தால் அயனிகள் தடையின்றி நகரும், வழி அகலப் பாதையாகிவிடும்.

இதெல்லாம் நிறத்தைப் பார்த்துச் செய்த ஊகம் என்று சொல்ல இடம் இருந்தது. அந்த இடத்தையும் இவான்ஸ் அடைத்தார். அவரும் ஹோர் என்ற இளைய ஆய்வாளரும் 1932இல் வெளியிட்ட ஆய்வில், கரையும் பகுதிக்கும் காற்றுள்ள பகுதிக்கும் இடையே எவ்வளவு மின்னோட்டம் ஓடுகிறது என்பதைக் கண்டறிந்தார்கள். அவ்வளவு மின்சாரத்துக்கு எவ்வளவு இரும்பு கரைய வேண்டும் என்று ஃபாரடேயின் விதி சொல்லிவிடும். தகட்டின் எடை உண்மையில் எவ்வளவு குறைந்தது என்பதைத் தராசு சொல்லிவிடும். இரண்டும் பொருந்தின. துரு ஒரு மின்சாரச் செயல் என்பதற்கு அதைவிட உறுதியான சான்று தேவையில்லை.

அதே 1932இல், ஜூன் மாதம், நிஜாமின் அரசு ரயில்வே தன் சாலைப் போக்குவரத்துப் பிரிவைத் தொடங்கியது. 27 பேருந்துகள், 166 ஊழியர்கள். பேருந்துகள் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் இருந்த ஆல்பியன் நிறுவனத்துடையவை. அரசே நடத்திய பேருந்துச் சேவைகளில் இந்தியாவில் மிகப் பழையவற்றுள் இது ஒன்று.  அந்த 1932ஆம் ஆண்டு ஆல்பியன்களில் ஒன்று 'டெக்கான் குயின்' என்ற பெயரோடு இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகிறது.

தொண்ணூறு ஆண்டு கடந்த பேருந்து எஞ்சியிருக்கிறது. அதன் வயதில் பாதி உள்ள வேன்கள் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன. பராமரிப்பு ஒரு காரணம்தான். கட்டுமானமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அந்தக் காலப் பேருந்துக்கும் லாரிக்கும் அடிச்சட்டம் தனி, மேற்கூடு தனி. அடிச்சட்டம் தடித்த இரும்பில், ஒரு பக்கம் திறந்த வாய்க்கால் வடிவில் இருக்கும். நீர் விழுந்தால் வடிந்துவிடும், காற்று எல்லாப் பக்கமும் படும், தேய்த்துப் பெயின்ட் அடிக்கக் கை எட்டும். மேற்கூட்டை உள்ளூரிலேயே கட்டலாம், பழுதானால் உள்ளூரிலேயே மாற்றலாம். ஹைதராபாத்தில் 1942இல் தொடங்கிய ஆல்வின் நிறுவனம் பேருந்துக் கூடு கட்டிப் பெயர் பெற்ற பிறகுதான் குளிர்சாதனப் பெட்டிக்கும் கைக்கடிகாரத்துக்கும் போனது.

பிற்கால வேன்களில் கதவடிப் பட்டை, சக்கரத்தின் மேலுள்ள வளைவு, ஏறும் படி, முன் கண்ணாடியின் கீழ்விளிம்பு எல்லாமே மெல்லிய தகட்டை மடித்து, ஒன்றின்மேல் ஒன்று வைத்து, புள்ளிப் புள்ளியாகப் பற்றவைத்தவை. எடை குறைவு, உறுதி அதிகம். ஆனால் ஒவ்வொரு பற்றவைப்புக்கும் நடுவில் தாள் கனத்துக்கு ஓர் இடுக்கு இருக்கும். மூடிய குழலின் உட்புறத்துக்குப் பெயின்ட் தெளிப்பான் எட்டாது. இன்றைய வாகனக் கூட்டைத் தொட்டியில் முக்கி, மின்சாரத்தைச் செலுத்தி, பெயின்ட் துகள்களை இடுக்குகளுக்குள்ளும் இழுத்துப் படியவைக்கிறார்கள். இந்த முறை 1960களில் அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனத்தில் தொடங்கி, 1970களின் பிற்பகுதியில்தான் இன்றைய வடிவத்துக்கு வந்தது. அதற்கு முற்பட்ட வேன்களின் உட்குழல்கள் பெரும்பாலும் வெற்று இரும்பு.

இப்போது அந்த இடுக்கில் மழைநீர் நுழைவதை நினையுங்கள். கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங் காய்ந்து வெடித்திருக்கும், அங்கிருந்து ஒரு கசிவு. சக்கரம் அடிக்கும் சேறு ஒரு பக்கம். கதவின் அடிப்புறத்தில் நீர் வடியவென்று வைத்திருந்த துளைகளைச் செம்மண் அடைத்துவிட்டது. கூரையில் விழுந்த நீர் அரைமணி வெயிலில் காய்ந்துவிடும். இடுக்கில் புகுந்த நீர் நாள்கணக்கில் நிற்கும். உலோகம் எவ்வளவு நேரம் நனைந்திருந்தது என்பதை ஈரநேரம் என்று அரிமான ஆய்வாளர்கள் கணக்கில் எடுப்பார்கள். எவ்வளவு மழை பெய்தது என்பதைவிட எவ்வளவு நேரம் ஈரம் நின்றது என்பது துருவை அதிகம் தீர்மானிக்கிறது. கூரைக்குச் சில மணி நேரம், இடுக்குக்குப் பல நாள்.

அதோடு முடியவில்லை. இடுக்கில் கரைந்த இரும்பு அயனிகள் வெளியேற வழியில்லாமல் தேங்குகின்றன. அவற்றின் நேர்மின்னேற்றத்தை ஈடுகட்ட வெளியிலிருந்து குளோரைடு அயனிகள், அதாவது உப்பின் ஒரு பாதி, உள்ளே நகர்ந்து வருகின்றன. இரும்பு அயனிகள் நீரோடு வினைபுரிந்து அமிலத்தையும் உண்டாக்குகின்றன. தொடக்கத்தில் சாதாரண மழைநீராக இருந்தது இப்போது உப்பும் அமிலமும் சேர்ந்த கரைசல். இடுக்கு தனக்கு வேண்டிய நஞ்சைத் தானே காய்ச்சிக்கொள்கிறது. கூடவே துரு, தான் உருவாகிய இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்குவரை கூடுதல் இடம் கேட்கும். இரண்டு தகடுகளுக்கு நடுவில் அது வீங்கும்போது பற்றவைத்த புள்ளிகள் பிளக்கின்றன. இடுக்கு அகலமாகிறது, இன்னும் நீர் புகுகிறது. வெளியே பெயின்டில் ஒரு கொப்புளம் தெரியும் நாளில் உள்ளே வேலை பெரும்பாலும் முடிந்திருக்கும்.

வண்டியைப் பார்வையிடும்போது இந்த அறிவு நேராகப் பயன்படும். பழுப்புக் கறை வழிந்திருந்தால் அந்தக் கறைக்கு மேலே, மடிப்பு எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். துளியில் துரு வளையம் நீலத்துக்கு வெளியே படிந்ததுபோல, இங்கும் கறை தெரிகிற இடமும் இரும்பு போன இடமும் வேறு வேறு. ஒரு சிறு காந்தத்தைப் பஞ்சுத் துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். கதவடிப் பட்டையிலும் சக்கர வளைவிலும் மெதுவாக நகர்த்துங்கள். காந்தத்தின் இழுப்பு தூரத்தோடு மிக விரைவாகக் குறையும். தகட்டுக்கு மேல் பள்ளம் நிரப்பும் பட்டியைக் கனமாகப் பூசியிருந்தால் அங்கே காந்தம் பிடிப்பு இழந்து வழுக்கும்.

பட்டியைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. பள்ளத்தைச் சமன்செய்ய மெல்லிய பூச்சாக அது நல்ல பொருள். ஓட்டையை அடைக்க அதைப் பயன்படுத்துவது வண்டியைக் கொல்வதற்குச் சமம். ஓட்டையின் ஓரங்களில் துருவும் ஈரமும் உப்பும் அப்படியே இருக்க, அதன்மேல் மூடி போட்டு, காற்றோட்ட வேறுபாட்டை நாமே உருவாக்கிக் கொடுக்கிறோம். பழைய தகட்டை வெட்டாமல் அதன்மேல் புதுத்தகடு வைத்து ஓரத்தைப் பற்றவைப்பதும் அப்படியே. 'பேட்ச்' போட்டாகிவிட்டது என்று கூலி கொடுத்து வருகிறோம். இவான்ஸ் ஆய்வகத்தில் அக்கறையோடு அமைத்த சூழலை டிங்கரிங் பட்டறையில் காசு கொடுத்து அமைத்துக்கொண்டோம் என்பதுதான் நடந்தது. சரியான வழி, பளபளக்கும் இரும்பு தெரியும்வரை பழையதை வெட்டி எடுத்து, அதே அளவுக்குப் புதுத்தகடு வெட்டி, விளிம்போடு விளிம்பு சேர்த்துப் பற்றவைப்பது. நேரம் பிடிக்கும். மெல்லிய தகட்டை நெளியாமல் அப்படிச் சேர்க்கக் கைத்திறன் வேண்டும். அந்தத் திறன் உள்ளவருக்குக் கேட்ட கூலியைக் கொடுக்கலாம்.

பெயின்டைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் பரவலாக உண்டு. பெயின்ட் நீரையும் காற்றையும் தடுக்கிறது, அதனால் துரு வராது என்று நினைக்கிறோம். கேம்பிரிட்ஜில் மேய்ன் என்பவர் 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதை அளந்து பார்த்தார். சாதாரணப் பெயின்ட் படலத்தின் வழியே, இரும்பு துருப்பிடிக்கத் தேவையான அளவு நீரும் ஆக்சிஜனும் தாராளமாகவே உள்ளே போகின்றன. ஆனாலும் பெயின்ட் காக்கிறது. காரணம், அயனிகள் அதன் வழியே எளிதில் நகர முடிவதில்லை. சுற்றின் திரும்பு வழியை அது அடைக்கிறது.

இதிலிருந்து பட்டறைக்கு ஒரு கட்டளை கிடைக்கிறது. பெயின்டுக்கு அடியில் உப்பு இருக்கக் கூடாது. இருந்தால் அயனிகள் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டன என்று பொருள். மேலும் உப்பு இருக்கும் பக்கம் நீர் ஊடுருவி வரும், சவ்வூடு பரவல் என்று படித்தோமே, அதுவே. கொப்புளம் அப்படித்தான் எழுகிறது. தேய்த்து முடித்த தகட்டை நல்ல தண்ணீரில் கழுவி, உடனே முழுக்க உலர்த்தி, வியர்வைக் கையால் தொடாமல் பிரைமர் அடிப்பவர் பாதி வெற்றி பெற்றுவிட்டார். உப்புக் கூடிய போர்வெல் நீரில் கடைசிக் கழுவலைச் செய்ய வேண்டாம்.

பிரைமர் என்றதும் நம் ஊரில் 'ரெட் ஆக்சைடு'தான். அதன் சிவப்பு, இரும்பு ஆக்சைடின் நிறம். அது துருவைத் தடுக்கும் மருந்து எதையும் தானாகக் கொடுப்பதில்லை, வெறும் ஒரு படலம், அவ்வளவே. பழைய காலத்தில் பாலங்களுக்கு அடித்த சிவப்பு ஈயம் உண்மையிலேயே தடுப்பு மருந்து. ஈயம் நஞ்சு என்பதால் அதை விட்டுவிட்டோம். இன்று மடிப்புகளுக்கு ஏற்றது துத்தநாகத் துகள் நிறைந்த பிரைமர். இரும்பைவிடத் துத்தநாகம் எளிதில் எலக்ட்ரானைக் கொடுக்கும். ஆக்சிஜன் கேட்கும்போது துத்தநாகம் முன்வந்து கரைகிறது, இரும்பு முழுவதும் வாங்குமுனையாகித் தப்பிக்கிறது. இதற்குத் துத்தநாகம் வெற்று இரும்பை நேராகத் தொட வேண்டும். ரெட் ஆக்சைடு அடித்து அதன்மேல் துத்தநாகப் பிரைமர் அடித்தால் எலக்ட்ரான் போக வழியில்லை, காசு வீண்.

ஒன்றைப் பலி கொடுத்து மற்றதைக் காக்கும் இந்த வழியை முதலில் காட்டியவர் ஹம்ஃப்ரி டேவி. கப்பலின் அடியில் போர்த்திய செப்புத் தகடு கடல்நீரில் அரிபடுவதைத் தடுக்க இரும்புக் கட்டிகளைப் பொருத்தினார். 1824இல் அந்தச் சோதனைக்கு உள்ளான கப்பல் 'சமராங்'. அது நம் கொச்சியில் கட்டப்பட்டு 1822இல் நீரில் இறங்கியது. செம்பு நன்றாகவே காக்கப்பட்டது. ஆனால் செம்பு கரையாததால் அதன் நச்சும் நீரில் கலக்கவில்லை. சிப்பிகளும் பாசியும் கப்பலில் ஏறிக் குடியமர்ந்தன, வேகம் குறைந்தது. அறிவியல் சரியாக இருந்தது, மாலுமிகளுக்குத்தான் பயன்படவில்லை.

இதே பலி நாம் விரும்பாத இடத்திலும் நடக்கும். வேனின் தளத்தில் அலுமினியத் தகட்டை விரித்து இரும்புச் சட்டத்தோடு ரிவெட் அடித்திருந்தால், அதற்கு அடியில் வெள்ளைப் பொடி படிந்திருப்பதைக் காணலாம். அது அலுமினியம் பலியானதன் அடையாளம். இரண்டு உலோகங்களுக்கும் நடுவே ரப்பர் பட்டையோ கனமான பெயின்டோ கொடுத்து மின்தொடர்பை அறுத்துவிட வேண்டும்.

ஹைதராபாத்துக்கு இயற்கையே ஒரு சலுகை கொடுத்திருக்கிறது. தக்காணப் பீடபூமியில் கடல்மட்டத்துக்குச் சுமார் 540 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல் சில நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. கோடைப் பகலில் காற்று மிக வறண்டது. இங்கிலாந்தில் வெர்னன் என்பவர் 1920களிலும் 30களிலும் காற்றில் வைத்த இரும்பைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். ஈரப்பதம் ஏற ஏறத் துரு சீராகக் கூடும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்போம். மாசு கலந்த காற்றில் சுமார் 60 விழுக்காடு ஈரப்பதம் வரை இரும்பு ஏறக்குறைய சும்மா இருக்கிறது என்றும், அதைத் தாண்டியதும் துரு சட்டென்று எழுகிறது என்றும் அவர் கண்டார். மாறுநிலை ஈரப்பதம் என்று இதற்குப் பெயர். இன்னொரு சோதனையில் இரும்புத் துண்டை மஸ்லின் துணிக் கூண்டுக்குள் வைத்தார். துணி காற்றையும் ஈரத்தையும் தடுக்காது, தூசியை மட்டும் தடுக்கும். உள்ளே இருந்த துண்டில் துரு மிகக் குறைவாகவே இருந்தது. தூசித் துகள் ஈரத்தை இழுத்துப் பிடித்து உலோகத்தின்மேல் நிறுத்துகிறது என்பது அப்படித் தெரியவந்தது. நிறுத்திவைத்த வண்டியின் தூசியைத் துடைப்பது அழகுக்கான வேலை மட்டும் என்று நினைக்க வேண்டாம்.

சென்னையில் இந்தச் சலுகை இல்லை. கடற்காற்று குளோரைடைச் சுமந்து வருகிறது. உப்பு தானாகவே காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், ஆகவே மழை இல்லாத நாளிலும் தகடு நனைந்திருக்கும். அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் எழுந்த காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம், மண்டபம் கடற்கரையில் உலோகத் துண்டுகளை வெயிலிலும் கடற்காற்றிலும் வைத்து இத்தகைய அரிமானத்தை நெடுங்காலமாக ஆராய்ந்து வருகிறது. சென்னைப் புதுப்பேட்டையில் பாகம் தேடி அலைவது தமிழருக்குப் பழக்கம்தான். ஆனால் தகட்டுப் பாகம் என்றால் கதவோ மூடியோ கடலோர வண்டியிலிருந்து வந்ததா, உள்நாட்டு வண்டியிலிருந்து வந்ததா என்று கேட்டு வாங்குவது நல்லது. ஹைதராபாத்தில் ஜும்மேராத் பஜாரிலும் ராணிகஞ்ச் கடைகளிலும் தேடுகிறவருக்கு அந்தக் கவலை கொஞ்சம் குறைவு.

சட்டமும் இந்த வேலையைத் தொடுகிறது. 2021இல் மத்திய அரசு பழமை வாகனங்களுக்கென்று தனி விதிகளை அறிவித்தது. முதல் பதிவு ஆகி 50 ஆண்டு கடந்திருக்க வேண்டும், வணிகப் பயன்பாடு கூடாது, அடிச்சட்டத்திலோ கூட்டிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. பதிவெண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். ஓட்டுநர் தவிர எட்டுப் பேர்வரை அமரும் பயணி வாகனமே நான்கு சக்கர வகையில் அடங்கும். பன்னிரண்டு இருக்கை கொண்ட வேனுக்கு அந்தக் கதவு திறக்காது. இது எனக்கு வருத்தம். ஊரைச் சுமந்த வண்டிகள் பெரும்பாலும் அந்தப் பெரிய வகைதானே.

எல்லாம் முடித்த பிறகும் உட்குழல்கள் இருக்கின்றன. அவற்றுக்குப் பெயின்ட் எட்டாது. எட்டுவது எண்ணெயும் மெழுகும். இடுக்குகளுக்குள் தானாக ஊர்ந்து செல்லும் மெழுகுக் கலவையை நீண்ட குழாய் வழியே உள்ளே தெளிக்கலாம். அது நீரை உலோகத்திலிருந்து விலக்கி வைக்கிறது, காயாமல் மென்மையாக இருப்பதால் வண்டி குலுங்கினாலும் வெடிப்பதில்லை. எஞ்சினிலிருந்து வடித்த பழைய ஆயிலை அடிக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. எரிபொருள் எரிந்த அமிலக் கழிவும் உடம்புக்குத் தீங்கானவையும் அதில் கலந்திருக்கின்றன, அதைத் தவிர்க்க வேண்டும். அடிப்புறத்தில் கனமாகத் தார் பூசுவதையும் நான் பரிந்துரைப்பதில்லை. சில ஆண்டில் அது வெடிக்கும், வெடிப்பின் வழியே நீர் புகுந்து தாருக்கும் தகட்டுக்கும் நடுவில் நிற்கும். மீண்டும் அதே இடுக்கு.

வண்டியை நிறுத்தி வைக்கும்போது பிளாஸ்டிக் தார்ப்பாயால் இறுக்கி மூட வேண்டாம். இரவில் தகடு குளிரும், உள்ளே சிக்கிய ஈரம் பனியாகப் படியும், வெளியேற வழி இருக்காது. கூரையுள்ள, காற்றோடும் இடத்தில் பருத்தித் துணி போர்த்தினால் போதும். கதவடித் துளைகளை ஒரு கம்பியால் குத்தித் திறந்து வையுங்கள்.

மெழுகு தெளிக்க ஹைதராபாத்தில் ஏற்ற மாதம் மே. குழல்களுக்குள் மிச்சமிருக்கும் ஈரமெல்லாம் வெயிலில் காய்ந்திருக்கும், சூட்டில் மெழுகு இளகிக் கடைசி மடிப்புவரை ஓடும். ஜூனில் மழை இறங்குவதற்கு ஒரு வாரம் முன்பே அந்த வேலையை முடித்துவிட்டு, கதவுகளைத் திறந்து போட்டு, துளைகளின் வழியே மெழுகு சொட்டுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுங்கள். சொட்டாத துளை இருந்தால் அது இன்னும் அடைபட்டிருக்கிறது. திரும்பக் குத்த வேண்டும்.